மூன்று கணைகளும் ஒரு சொல்லும்

அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரிலே, 2018ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்து வெள்ளிக்கிழமை இரவொன்றில், நான் ஒரு பெண்ணைக் கொன்றேன். அவள் ஒரு சிறுதெய்வத்தின் பூசாரிணி. காயம் ஆற்றும் வித்தை கற்றவள். ஒரு தாளிலே பென்சிலால் எழுதப்பட்ட பெயரும் சில எண்களுமே அவளுடைய உடல். அந்த உடலுக்கு இரண்டு ஆண்டு காலமாக உயிர் கொடுத்துவந்த நண்பர், அவள் இறந்ததும் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்து சென்றார். மூன்று கிழமைகள் அவர் எங்கள் மேசைக்குத் திரும்பவில்லை.

நான் அவளைக் கொல்வதற்குப் பயன்படுத்திய ஆயுதம் ஓர் ஆங்கிலச் சொல். 'ஏககாலத்தில்' என்பது அதன் பொருள். அந்தச் சொல் ஓர் உயிரைக் குடித்த கதையைச் சொல்வதாயின், முதலில் அந்த விளையாட்டு எத்தகையது என்பதை வாசகருக்குச் சொல்லியாக வேண்டும்.

மேற்படிப்பின் பொருட்டு நான் அந்நகருக்குச் சென்றிருந்தேன். மார்கழி மாதத்தில் அங்கே மாலை நாலரை மணிக்கே இருள் கவிந்துவிடும். தெருவெல்லாம் உறைபனி. அத்தகைய இரவுகளில் மனிதர் வீட்டுக்குள்ளேயே தங்களுக்கு ஓர் உலகத்தை உண்டாக்கிக்கொள்வது வியப்பன்று. உடன் பயின்ற ஒருவர் தமது வாடகை வீட்டின் நிலக்கீழ் அறைக்கு என்னை அழைத்துச் சென்றார். அங்கே ஒரு நீண்ட மேசை. அதன்மேல் தடித்த நூல்கள், பென்சில்கள், கோப்பிக் கிண்ணங்கள், பல முகங்களைக் கொண்ட பகடைகள். 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்பது விளையாட்டின் பெயர். 'நிலவறைகளும் பறவைநாகங்களும்' என்று தமிழிற் பெயர்க்கலாம்.

சதுரங்கத்துக்கும் தாயத்துக்கும் உள்ளதுபோல இதற்கு முடிவான வெற்றி தோல்வி கிடையாது. நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி அமர்வர். அவருள் ஒருவர் நடுவர். அவர் ஓர் உலகத்தை வாயாற் சொல்லிக் காட்டுவார்: "உங்களுக்கு முன்னே ஒரு கற்கதவு, அதன் கீழால் வெளிச்சம் கசிகிறது." மற்றவர் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்று, தாம் செய்யப் போவதைச் சொல்வர். செய்ய இயலுமோ இயலாதோ என்ற ஐயம் எழுந்தால் இருபது முகப் பகடையை உருட்டுவர். எந்த எண்ணுக்கு என்ன பயன் என்பதை நூல் சொல்லும். நூல் சொல்லாத இடத்தில் நடுவர் சொல்வார். நூல் சொல்லியும் அதன் பொருள் இரண்டுபட்டு நிற்குமாயின் யார் சொல்வது? எங்கள் மேசையிலே அந்தப் பொறுப்பு என்மேல் விழுந்தது. முன்பு நடுவராயிருந்தவர் ஊரை விட்டுச் சென்றபோது, நூல்களை அதிகம் வாசித்தவன் நான் என்ற காரணத்தால் அந்த நாற்காலியில் என்னை இருத்தினார்கள்.

இந்த விளையாட்டு 1974ஆம் ஆண்டு விஸ்கொன்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னும் சிற்றூரிலிருந்து வெளிவந்தது. ஒரு சிறு பெட்டி. உள்ளே மூன்று சிறு நூல்கள். முதற்பதிப்பு 1000 பிரதிகள். ஆக்கியோர் இருவர். ஒருவர் மின்னசோட்டாவைச் சேர்ந்த டேவ் ஆர்னசன். மற்றவர் கேரி கைகாக்ஸ். இந்தக் கைகாக்ஸ் 1970ஆம் ஆண்டு வரையில் சிக்காகோவில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் இடர் மதிப்பிடும் உத்தியோகத்தில் இருந்தவர். அவ்வேலை போன பின்பு சப்பாத்துத் திருத்திப் பிழைத்தவர். காப்புறுதிப் பத்திரத்தின் சொற்களோடு காலம் கழித்த ஒருவர் மந்திரங்களுக்கு விதி எழுத நேர்ந்தது எனக்கு எப்பொழுதும் சுவையான செய்தியாகவே படுகிறது. எந்த விபத்துக்குப் பணம் கிடைக்கும், எதற்குக் கிடையாது என்று வரையறுக்கும் வாக்கியமும், எந்த மந்திரம் யாரைச் சுடும், யாரை விடும் என்று வரையறுக்கும் வாக்கியமும் ஒரே சாதியைச் சேர்ந்தவை அல்லவா?

ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. அதனை நான் நடுவரான பின்பே உணர்ந்தேன். வாளால் ஒரு கயிற்றை வெட்டலாமா என்று ஒருவர் கேட்டால், மேசையைச் சுற்றியிருக்கும் எல்லாருக்கும் கயிறும் தெரியும், இரும்பும் தெரியும். நூல் மௌனமாயிருந்தாலும் உலகம் பதில் சொல்லிவிடும். ஆனால் மந்திரத்தால் உண்டாகும் நெருப்புக்கு எடை உண்டா? அது கதவைத் தள்ளுமா? மூலை திரும்பிச் செல்லுமா? கண்டவர் யாருமில்லை. நூலில் எழுதப்பட்டிருக்கும் இரண்டு மூன்று வாக்கியங்களே அந்த நெருப்பு; அவற்றுக்கு அப்பால் அது கிடையாது.

தொல்காப்பியத்துச் சூத்திரம் ஒன்று மயக்கந் தருமாயின், சேனாவரையர் போன்ற உரைகாரருக்கு ஓர் ஊன்றுகோல் இருந்தது. வழக்கையும் செய்யுளையும் நோக்கி, மக்கள் இவ்வாறு பேசுகின்றனர், சான்றோர் இவ்வாறு பாடியுள்ளனர், ஆதலின் இதுவே பொருள் என்று அவர்கள் நிறுவலாம். இலக்கணத்துக்கு முன்னே மொழி இருக்கிறது. மந்திர விதிக்கு முன்னே எதுவுமில்லை. இதனாலேதான் அந்த விளையாட்டில் எழும் சச்சரவுகளிற் பெரும்பாலானவை மந்திரங்களைப் பற்றியவையாக இருக்கின்றன. 2014ஆம் ஆண்டு வெளிவந்த ஐந்தாம் பதிப்பில், 300 பக்கங்களுக்கு மேற்பட்ட ஆட்டக்காரர் கைந்நூலிலே, மந்திரங்களின் விவரணம் மட்டும் ஏறத்தாழ 80 பக்கங்களைப் பிடித்துக்கொள்கிறது. அவ்வளவு எழுதியும் போதவில்லை.

எடுத்துக்காட்டாகத் தீக்கோளம் என்னும் மந்திரத்தைப் பார்க்கலாம். மந்திரவாதியின் விரலிலிருந்து புறப்படும் ஒரு பொறி, தொலைவிற் சென்று வெடித்து, 20 அடி ஆரையுள்ள நெருப்புருண்டையாக விரியும். வெட்டவெளியிலே இதில் மயக்கம் இல்லை. ஆனால் ஆட்டம் நடப்பது நிலவறையில். பத்தடி அகலமும் பத்தடி உயரமும் கொண்ட சுரங்கப் பாதைக்குள் நாற்பதடி விட்டமுள்ள உருண்டை எப்படி அடங்கும்? 1974ஆம் ஆண்டு நூல், ஒடுங்கிய இடத்தில் நெருப்பு அவ்விடத்தின் வடிவத்தைக் கொள்ளும், நீளும், அல்லது வேறெவ்வாறோ ஆகும் என்ற கருத்தில் ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டது. 'வேறெவ்வாறோ' என்றால் எவ்வாறு? 1978ஆம் ஆண்டு நூலிலே கைகாக்ஸ் கணக்குக் கொடுத்தார்: நெருப்பின் மொத்தக் கொள்ளளவு ஏறத்தாழ 33,000 கன அடி; அது இடத்துக்கேற்பப் பரவும். இப்பொழுது சுரங்கத்தின் குறுக்குவெட்டாகிய 100 சதுர அடியால் வகுத்துப் பாருங்கள். நெருப்பு 330 அடி நீளத்துக்கு ஓடும். பக்கத்துக்கு 165 அடி. அம்மந்திரத்தை அப்பொழுதுதான் கற்கத் தகுதிபெற்ற ஐந்தாம் படி மந்திரவாதி அதனை எறியக்கூடிய உச்சத் தூரமோ 150 அடி! அவன் தன்னால் இயன்ற எல்லைவரை எட்ட எறிந்தாலும் நெருப்பு திரும்பிவந்து அவனுடைய தாடியைப் பொசுக்கும். அக்காலத்து ஆட்டக்காரர் பென்சிலும் தாளுமாக உட்கார்ந்து கன அடிக் கணக்குப் போட்டுவிட்டே மந்திரம் சொன்னார்கள் என்று முதியவர் ஒருவர் எனக்குச் சொல்லிச் சிரித்தார்.

பிற்காலப் பதிப்புகள் இந்தக் கணக்கைக் கைவிட்டன. 2014ஆம் ஆண்டு நூலின்படி நெருப்பு 20 அடி ஆரைக்குள்ளேயே நிற்கும். மூலைகளைச் சுற்றிச் செல்லும். இடம் ஒடுங்கியது என்பதற்காக நீளாது. பெயர் ஒன்று, மந்திரம் ஒன்று. ஆனால் ஒரு நூலில் அதை எறிந்தவன் சாவான், மற்றொரு நூலில் பிழைப்பான். வாக்கியம் மாறியபோது நெருப்பின் இயற்கையே மாறிவிட்டது.

இன்னும் அடிப்படையான மயக்கம் ஒன்று தொடக்கத்திலேயே இருந்தது. முதற்படி மந்திரவாதி ஒரு மந்திரத்தை வைத்திருக்கலாம் என்று முதல் நூல் சொல்லியது. வைத்திருக்கும் மந்திரத்தை ஒரு முறைதான் பயன்படுத்தலாமா, நினைத்தபோதெல்லாம் பயன்படுத்தலாமா? ஜாக் வான்ஸ் என்னும் எழுத்தாளர் 1950இல் வெளியிட்ட கதைத்தொகுதியை வாசித்தவருக்கு விடை தெரியும். அக்கதைகளில் மந்திரவாதி மிகவும் முயன்று மந்திரத்தை மனத்திற் பதிப்பான். சொன்ன மறுகணமே அது மனத்திலிருந்து மறைந்துவிடும். திரும்பவும் நூலைத் திறந்து படிக்கவேண்டும். கைகாக்ஸ் மனத்திற் கொண்டிருந்தது அந்த முறையையே. ஆனால் தம் மனத்தில் இருந்ததை அவர் நூலிலே தெளிவாக எழுதவில்லை. வான்ஸை வாசியாத பலர் தம் மந்திரவாதிகளைக் களைப்பறியாதவர்களாக ஆட்டிவந்தார்கள். ஈற்றில் 1976ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத்தில், 'ஸ்ட்ரட்டிஜிக் ரிவியூ' என்னும் சஞ்சிகையிலே ஒரு கட்டுரை எழுதி, அவ்வாறு ஆடுவது தவறு என்று அவர் விளக்க நேர்ந்தது. நூலாசிரியரே தம் நூலுக்கு உரை எழுதிய சந்தர்ப்பம் அது. ஆனாலும் இரண்டு ஆண்டுகள் பிழையாக ஆடியவர்களுக்கு அந்தப் பிழையே பழக்கமாகியிருக்கும். அவர்களை நோக்கி, நீங்கள் அடைந்த இன்பம் செல்லாது என்று யார் சொல்ல முடியும்?

சில இடங்களில் மயக்கம் வேறு விதமானது. எழுத்து மிகத் தெளிவாக இருக்கும். அந்தத் தெளிவே நகைப்புக்கு இடமாகும். 2014ஆம் ஆண்டு நூலில், கண்ணுக்குப் புலனாகாதவனுக்கு இரண்டு குணங்கள் கூறப்பட்டன. மந்திர உதவியின்றி அவனைக் காண முடியாது என்பது ஒன்று. அவனைத் தாக்குவோர் இடர்ப்படுவர், அவன் தாக்கும்போது அனுகூலம் பெறுவான் என்பது மற்றொன்று. இவை தனித்தனி வரிகளாக நின்றன. ஆகவே மறைந்தவனைக் காட்டும் மந்திரத்தை ஒருவன் சொல்லி, எதிரியைப் பட்டப்பகல் போலக் கண்டாலும், எழுத்தின்படி இரண்டாம் வரி அவனை விடாது. கண்ணெதிரே நிற்பவனைக் குருடன் தடுமாறுவதுபோலத் தடுமாறியே தாக்கவேண்டும்! பத்து ஆண்டுகள் கழித்து, 2024ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பிலே, உன்னைக் காணக்கூடியவனிடத்தில் இந்த அனுகூலம் உனக்கு இல்லை என்ற கருத்தைச் சேர்த்தார்கள். ஒரு வரி. அந்த ஒரு வரி வரும்வரையில் எத்தனை மேசைகளில் எத்தனை பேர் குரல் உயர்த்தியிருப்பார்கள்! எங்கள் மேசையில் மட்டும் இரு முறை.

இத்தகைய ஐயங்களுக்கு விடை சொல்வதற்கென்றே ஒரு மரபு தோன்றியது. 'டிராகன்' என்ற சஞ்சிகையிலே 1979ஆம் ஆண்டு 'சேஜ் அட்வைஸ்' என்னும் கேள்வி பதிற் பகுதி தொடங்கியது. 'ஞானியின் புத்திமதி' என்று வைத்துக்கொள்ளலாம். முதலில் அதனை எழுதியவர் ஜீன் வெல்ஸ் என்ற பெண்மணி. ஐந்தாம் பதிப்பின் விதிகளுக்குப் பொறுப்பாயிருந்த ஜெரமி குரோபோர்ட் 2015இல் அப்பகுதியைப் புதுப்பித்தபோது, தாம் விடை காணும் வழி மூன்று என்றார்: எழுதியபடி கொள்ளும் பொருள், எழுதியவர் கருதிய பொருள், ஆடுவோருக்கு இன்பந் தரும் பொருள். மூன்றும் ஒத்துப்போனால் நடுவருக்கு உறக்கம் கெடாது. சிறப்பு விதி பொது விதியை வெல்லும் என்றும் அந்நூல் சொல்கிறது. நன்னூல் படித்த எவருக்கும் இது பழைய செய்தி.

கைகாக்ஸைப் பற்றி மேலும் ஒன்று சொல்லவேண்டும். 1979ஆம் ஆண்டு நடுவருக்கென அவர் எழுதிய பெருநூலின் முகவுரையில், எல்லா மேசைகளிலும் ஆட்டம் ஓரளவு ஒரே சீராக இருக்கவேண்டும் என்று வற்புறுத்துகிறார். அதே நூலின் பின்னுரையிலோ, விதியின் எழுத்தைக் காட்டிலும் ஆட்டத்தின் உயிரே முக்கியம் என்கிறார். நம் இலக்கண நூல்களின் முடிவில் வரும் புறனடைச் சூத்திரத்தைப் போன்றது அது. சொல்லாதவற்றையும் சொல்லியவற்றோடு பொருந்தக் கொள்க என்று விட்டுவிடுவது. முதற்பக்கத்தைப் பிடித்துக்கொள்வாரும் கடைசிப் பக்கத்தைப் பிடித்துக்கொள்வாரும் ஒரே மேசையில் எதிரெதிரே அமர்ந்திருப்பார்கள். எங்கள் மேசையில் முதற்பக்கக்காரன் நான்.

இனி அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

அன்றிரவு ஆட்டத்தில், பாழடைந்த கோட்டையொன்றின் மேன்மாடத்தில், என் கையிலிருந்த பகை மந்திரவாதி ஒருவன் நண்பர்களை எதிர்த்து நின்றான். பூசாரிணி அடிபட்டு வீழ்ந்தாள். அவளுடைய உயிர்ப் புள்ளிகள் பூச்சியமாயின. விதியின்படி அவள் உடனே இறப்பதில்லை. தன் முறை வரும்போதெல்லாம் இருபது முகப் பகடையை உருட்டவேண்டும். பத்தோ அதற்கு மேலோ விழுந்தால் ஒரு வெற்றி. குறைந்தால் ஒரு தோல்வி. மூன்று வெற்றி கண்டால் உயிர் தங்கும். மூன்று தோல்வி கண்டால் சாவு. வீழ்ந்து கிடப்பவள்மேல் மேலும் ஏதேனும் சேதம் பட்டால், அதுவும் ஒரு தோல்வியாக எண்ணப்படும்.

என் மந்திரவாதிக்கு மந்திரக் கணை என்னும் வித்தை தெரியும். முதற்படி மாணாக்கனும் கற்கும் எளிய மந்திரம். ஒளியால் ஆன மூன்று கணைகள் எழும்; அவை குறி தவறுவதில்லை; ஒருவர்மேலோ பலர்மேலோ ஏவலாம். அவை யாவும் ஏககாலத்தில் தைக்கும் என்கிறது நூல். நான் மூன்றையும் வீழ்ந்து கிடந்தவள்மேல் ஏவினேன். அவன் கொடியவன், அவ்வாறுதான் செய்வான் என்று எண்ணினேன். ஏவிய பிறகுதான் கேள்வி எழுந்தது. மூன்று கணைகளும் ஏககாலத்தில் தைத்தால், அது ஒரு சேதமா, மூன்று சேதமா? ஒன்றாயின் அவளுக்கு ஒரு தோல்வி. இன்னும் உயிர் இருக்கிறது. மூன்றாயின் அந்தக் கணமே முடிவு. மற்றவருள் எவருக்கும் மாண்டவரை மீட்கும் மந்திரம் தெரியாது. அது தெரிந்தவள் அவளே.

எங்களுள் ஒருவர் சட்டம் படித்துக்கொண்டிருந்தார். அவர் உடனே வழக்காடத் தொடங்கினார். போன மாதம் தமது மந்திரவாதி இதே கணைகளை ஏவியபோது, ஒரு முறை மட்டும் பகடை உருட்டி, அந்த எண்ணையே மூன்று கணைகளுக்கும் கொள்ளும்படி நான் தீர்ப்பளித்ததை நினைவூட்டினார். ஏன் அவ்வாறு தீர்த்தேன்? ஒரே மந்திரம் ஏககாலத்திற் பலரைத் தாக்கினால் ஒரு முறை உருட்டினாற் போதும் என்று நூலில் வேறோரிடத்தில் இருப்பதை நான் காட்டினேன். "அன்றைக்கு ஒன்றாயிருந்த அடி இன்றைக்கு எப்படி மூன்றாயிற்று?" என்று அவர் கேட்டார். பகடை உருட்டுவது எண்ணை அறிவதற்கு, தோல்வி எண்ணுவது கணையைக் கொண்டு என்று நான் பதில் சொன்னேன். ஒரே நேரத்தில் மூவர் கல்லெறிந்தால் விழுவது ஒரு கல்லாகுமா என்றும் கேட்டேன். என் விடை வலுவானது என்று இன்றும் எண்ணுகிறேன். அமெரிக்காவிலும் பிறவிடங்களிலும் பல மேசைகளில் அந்தப் பொருளையே கொள்கிறார்கள். ஆனால் சட்டம் படித்தவர் விடவில்லை. ஒப்பந்தத்தின் வாசகம் இரண்டுபட்டால் எழுதியவனுக்கு எதிராகவே பொருள் கொள்ளவேண்டும் என்பது நீதிமன்றத்து நெறி என்றும், காப்புறுதி வழக்குகளில் அது பெரிதும் வழங்குவது என்றும், தண்டனை விதிக்கும் சட்டத்தில் ஐயம் இருப்பின் அதன் பயன் குற்றஞ் சாட்டப்பட்டவனுக்கே என்றும் அடுக்கிக்கொண்டே போனார்.

இவ்வளவு நேரமும் பூசாரிணிக்கு உரியவர் வாய் திறக்கவில்லை. அவர் ஒரு வைத்தியசாலையில் இரவுத் தாதியாகப் பணிபுரிபவர். வெள்ளி இரவு மட்டுமே அவருக்கு ஓய்வு. ஈற்றில் என்னைப் பார்த்து, "சொல்லுக்கு இரண்டு பொருளும் வரும் என்று நீர் ஒப்புக்கொள்கிறீரா?" என்று கேட்டார்.

"வரும்" என்றேன்.

"அப்படியானால் இரண்டில் இதை ஏன் எடுத்தீர்?"

"நூல் அப்படிச் சொல்கிறது" என்றேன்.

"நூல் இரண்டையும் சொல்கிறது. கேட்டது உம்மை."

நான் பதில் சொல்லவில்லை. அவர் தாளை மடித்தார்.

அடுத்த வெள்ளியும் அதற்கடுத்த வெள்ளியும் அவருடைய நாற்காலி வெறுமையாயிருந்தது. நான் நூல்களைப் புரட்டினேன். பழைய சஞ்சிகைகளின் கேள்வி பதில்களையெல்லாம் தேடி வாசித்தேன். என் தீர்ப்புக்கு ஆதாரங்கள் கிடைத்தன. அவற்றை எழுதிவைத்துக்கொண்டேன். எழுதி முடித்துப் பார்த்தபோது, அவர் கேட்ட கேள்விக்கு அவற்றில் ஒன்றும் விடையாகவில்லை. எழுத்து இரண்டு வழிக்கும் இடங்கொடுத்த அந்த இடத்தில் நடந்தவன் நான். கோட்டையின் கொடுமை குறையக்கூடாது என்ற ஆசை ஒன்று. சட்டம் படித்தவர் குரலை உயர்த்தியபோது தோற்கக்கூடாது என்ற பிடிவாதம் ஒன்று. இரண்டாவதே பெரிதாயிருந்தது என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அதனை நூலின் தலையிற் சுமத்திவிட்டு நான் எழுந்துவிட்டேன்.

அதற்காக, ஐயம் வந்தபோதெல்லாம் ஆட்டக்காரர் பக்கமே சாய்வது சரி என்றும் எனக்குப் படவில்லை. எந்தக் கணையும் கொல்லாத கோட்டைக்குள் நுழைவதில் என்ன துணிவு இருக்கிறது? இந்த விளையாட்டிலே 'விருப்பம்' என்றொரு மந்திரம் உண்டு, மந்திரங்களுக்கெல்லாம் தலையாயது. வேண்டியதைச் சொல்லலாம், ஆனால் சொன்ன சொல்லை நடுவர் தம் விருப்பப்படி பொருள் கொள்ளலாம். பகைவன் இறந்திருக்கவேண்டும் என்று ஒருவன் வேண்டினால், அவன் உயிரோடில்லாத பிற்காலத்துக்கு வேண்டியவனையே தூக்கியெறிந்துவிடலாம் என்று நூலே ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறது. ஆட்டக்காரர் வழக்கறிஞரைப் போல நான்கு பக்கத்துக்கு விருப்பத்தை எழுதிக்கொண்டு வருவதும், நடுவர் அதில் ஓட்டை தேடுவதும் பல மேசைகளில் நடப்பவையே. அங்கே மந்திரம் போய், இருவர் ஒருவரையொருவர் நம்பாமை மட்டும் எஞ்சுகிறது. எங்கள் மேசை அந்தப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது என்பதை அப்பொழுது கண்டேன்.

மூன்றாவது கிழமை ஒரு நாட்காலை, இரவுப் பணி முடிந்து அவர் வீடு திரும்பும் நேரம் பார்த்து, பஸ் ஏறிச் சென்றேன். தெருவோரத்துப் பனி முழங்கால் உயரம் கிடந்தது. அவர் உடை மாற்றாமலே கோப்பி ஊற்றித் தந்தார். நான் வந்த காரியத்தைச் சொன்னேன்: தீர்ப்பை மாற்றிவிடுகிறேன், ஒரு தோல்வி என்று எழுதுகிறேன், அவள் பிழைக்கட்டும்.

அவர் தலையை அசைத்து மறுத்தார். தீர்ப்பு அவருக்குப் பிழையாகப் படவில்லையாம். மூன்று கணை மூன்று காயம் என்பதே தமக்கும் இயல்பாகத் தோன்றியது என்றார். அவருடைய தொழிலில் அதை எண்ணித்தான் எழுதுவார்கள். "கொன்றதை நான் கொன்றேன் என்று நீர் சொல்லியிருக்கலாம். அதற்குத்தான் காத்திருந்தேன்" என்றார். பிறகு, இப்பொழுது அவளை எழுப்பினால், அவளுக்கு முன்னே அதே கோட்டையில் மற்றவர்கள் இழந்த பாத்திரங்களுக்கு என்ன சொல்வது என்றும் கேட்டார். அவள் போகட்டும். ஆனால் ஒன்று வேண்டும்: அந்தப் பொருளை நூலின் ஓரத்தில் எழுதிவைக்க வேண்டும், எல்லாருக்கும் அதுவே பொருளாக வேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமை அவர் வந்தார். புதிய தாளில் ஓர் இளம் மந்திரவாதியை எழுதிக்கொண்டு வந்திருந்தார். ஆட்டம் தொடங்குமுன், அன்றிரவு அந்தப் பொருளைத் தெரிந்தெடுத்தவன் நானே என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னேன். சட்டம் படித்தவர் அதைக் கேட்டுச் சிறிது ஏமாற்றம் அடைந்தவர்போலக் காணப்பட்டார்; மேன்முறையீட்டுக்கு அவர் நிறைய எழுதிக்கொண்டு வந்திருந்தார் என்று பின்னர் அறிந்தேன். பென்சிலால் நூலின் ஓரத்தில், கணை ஒவ்வொன்றும் தனிக் காயம் என்று எழுதினேன். அதன் கீழே என் பெயரின் முதலெழுத்தை இட்டேன். அந்நூல் இப்பொழுதும் என்னிடம் இருக்கிறது.

பின்பு சித்திரை மாதத்திலே, பனி உருகிய காலத்தில், அதே கோட்டை மந்திரவாதியை அவர்கள் மறுபடியும் எதிர்ப்பட்டார்கள். சாதாரணப் பகைவர் பூச்சியத்தில் இறந்துவிடுவதே வழக்கமெனினும், முக்கியமான பகைவருக்கு ஆட்டக்காரரைப் போலவே மூன்று தோல்வி வரையில் அவகாசம் கொடுக்க நூல் இடமளிக்கிறது. நான் அவனுக்கு அந்த அவகாசத்தைக் கொடுத்திருந்தேன். பல மாதங்களாக நான் வளர்த்த பாத்திரம் அவன்; தப்பிப்பதற்கு ஒரு கள்ளவழியும் வைத்திருந்தேன். அடிபட்டு வீழ்ந்தான். அடுத்த முறை தாதி நண்பருடையது. அவருடைய இளம் மந்திரவாதி கையை உயர்த்தினான்.

"மந்திரக் கணை. மூன்றும் அவன்மேல்" என்றார் நண்பர். பிறகு என்னைப் பார்த்து, "எத்தனை?" என்று கேட்டார்.

"மூன்று" என்று சொல்லி, அவன் பெயரை அடித்தேன்.